மீந்த படிவம்

பி.எட். கல்லூரியிலிருந்து வந்த பெண்
ஐம்பது படிவம் கொண்டுவந்தாள்.
விலங்கியல் இரண்டாம் ஆண்டில் நாற்பத்தொன்பது பேர்.
மீந்ததை
மேசை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள்.

மேசையைத் துடைக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

பெயர்: திம்மராயன்.
படிக்கும் வகுப்பு: இருபத்தாறு வருஷமாக இதே வகுப்பு.

ஒன்று. கற்பதற்காக விலங்குகளை அறுப்பது சரியே.
முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை,
மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன்.
ஐந்து கட்டம்.
மெழுகுத் தட்டில் ஒரு தவளையை மல்லாத்த
நான்கு குண்டூசி போதும்.

நான்கு. விலங்குகளுக்கும் வலி உண்டு.
ஐப்பசி மழை விட்ட ராத்திரிகளில்
ராமக்காள் ஏரிக்கரையில்
டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி உட்கார்ந்திருக்கும்.
இடது கையால் அமுக்கினால் ஆயிற்று.
உருப்படி மூன்று ரூபாய், பிறகு ஐந்து.
என் மகனின் பள்ளிக்கூடச் செருப்பு
பதினெட்டுத் தவளை.
பஞ்சில் குளோரோஃபார்ம் நனைத்துப் போட்டு
ஜாடியை மூடியதும்
உள்ளங்கையைக் கண்ணாடியில் வைக்கும்.
நான்கு விரல்.
அதை வலி என்று எழுதலாமா தெரியவில்லை.
கை என்று எழுதலாம்.

ஒன்பது. இரக்கத்தால் பரிசோதனையைத் தவிர்த்ததுண்டா.
ஒரு தடவை சாக்கிலிருந்து அத்தனையும் தப்பின.
ஏரி வற்றிப்போச்சு சார் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன்.
திம்மராயண்ணன்தான் அவிழ்த்துவிட்டார் என்று
பிள்ளைகளிடையே ஒரு பேச்சு.
எலி கடித்த ஓட்டை அது.
இத்தனை வருஷம் அந்தப் பேரை நான் மறுத்ததில்லை.

பிறகு சுற்றறிக்கை வந்தது.
தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினேன்.
இப்போது கணினித் தவளை.
தப்பாய் வெட்டினால்
முழுசாய் எழுந்து உட்காருகிறது.
யாரும் வாந்தியெடுக்க வெளியே ஓடுவதில்லை.
ஏரியிலும் சத்தம் குறைந்துவிட்டது.
அதற்கு நான் மட்டும் காரணமில்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

பதினொன்று. இவ்வாறு பெற்ற அறிவு மனிதருக்குப் பயன்படுகிறது.
கமலவேணி என்று ஒருத்தி, அரூர்ப் பக்கம்.
அந்த பேட்ச்சில் அவள்தான்
இதயத்தைத் துடிக்கத் துடிக்கக் காட்டினாள்.
கை நடுங்கவில்லை. கண் வழிந்தது.
மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.
பிற்பாடு நர்சிங் படித்திருக்கிறாள்.
போன பங்குனியில், பெரியாஸ்பத்திரியில்,
என் வீட்டுக்காரிக்கு நரம்பு கிடைக்காமல்
மூன்று பேர் குத்திப் பார்த்தபின் அவள் வந்தாள்.
ஊசி ஏறியதே தெரியவில்லை.
எதன்மேல் பழகிய கை என்று
அந்த வார்டில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பதினான்கு. சம்மதம் கேட்காத உயிரைச் சோதிப்பது அறமா.

பேனா நின்றது.

பென்னாகரம் தாண்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு
ஒரு ஜீப் வந்தது.
வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள்.
பழுப்பு, பழுப்பு, கொஞ்சம் பழுப்பு
என்று எழுதிக்கொண்டார்கள்.
முட்டியைத் தட்டிப் பார்த்தார்கள்.
மூத்திரத்தைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு
ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள்.
அடிகுழாயை அடைக்க யாரும் வரவில்லை.
எட்டு வருஷம் அதே தண்ணீர்.
எங்கள் பற்கள் ஏதோ புத்தகத்தில்
அட்டவணையாக இருக்கும்.
யாராவது படித்துப் பாஸாகியிருப்பார்கள்.
கீழ்த்தட்டிலிருந்து ஜாடி எடுக்கக் குனிந்தால்
இன்றும் முட்டி ஒரு சத்தம் போடும்,
அறுக்கும்முன் தவளை போடுமே, அதைவிடச் சின்னதாய்.

உடன்படுகிறேனில் ஒரு டிக்.
மறுக்கிறேனில் ஒரு டிக்.
நடுவில் இருந்தது கருத்தில்லை.
எனக்குக் கருத்து இருந்தது.

இது செல்லாது அண்ணா,
ஏதாவது ஒன்றில்தான் போடணும், என்றாள்.
நாற்பத்தொன்பதையும் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்கால பஸ் ஏரி ஓரமாய்ப் போனது.
தூறல்.
ஒன்றே ஒன்று கத்தியது.

கம்பியைப் பிடித்திருந்த இடது கை
தானாக விரிந்தது.